நவூரு எவ்வளவு பெரியது? கேள்வி பதில்

கே: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பசிபிக் கடலில் இருக்கும் நவூருவின் பரப்பு 21 சதுர கி.மீ. என்று பார்த்தேன். உலகிலேயே சின்ன நாடு இதுதானே?

ப: 21 சரி. ஆனால் "மிகச் சிறிய நாடு" என்று கேட்டு இதை எழுதினால் மார்க் போய்விடும். வாடிகனும் மொனாக்கோவும் இதைவிடச் சின்னவை. கேள்வியில் "தீவு நாடு" அல்லது "குடியரசு" என்று இருந்தால் தாராளமாக நவூரு என்று எழுதுங்கள். தீவு நாடுகளில் அடுத்தது துவாலு, 26 சதுர கி.மீ.

கே: சுற்றளவு ஓரிடத்தில் 19 கி.மீ., இன்னோரிடத்தில் 30 கி.மீ. என்று இருக்கிறதே?

ப: 19 என்பது தீவைச் சுற்றி வரும் சாலையின் நீளம். 30 என்பது கடற்கரையின் நீளம். கடற்கரையை வளைவு நெளிவு விடாமல் அளந்தால் கூடும், சாலை குறுக்கே போய்விடும். காரில் அரை மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வழியில் விமானம் இறங்கினால் மட்டும் கொஞ்சம் தாமதம். ஓடுபாதையை ஒட்டிச் சாலை போவதால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்.

கே: தலைநகரத்தின் பெயர் யாரென் (Yaren) தானே?

ப: அதிகாரபூர்வமாகத் தலைநகரமே கிடையாது. நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் யாரென் மாவட்டத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

கே: சுமார் 12,000 பேர், 21 சதுர கி.மீ. கணக்குப் போட்டால் சதுர கிலோமீட்டருக்கு 600 பேர்கூட வரவில்லை. அப்புறம் ஏன் நெரிசல் என்கிறார்கள்?

ப: அந்த வகுத்தல் ஏமாற்றும். தீவின் நடுவில் இருக்கும் மேட்டுநிலத்தில் 1900களின் முதல் பத்தாண்டில், உரம் செய்ய உதவும் பாஸ்பேட்டை வெட்டத் தொடங்கினார்கள். ஜெர்மானியர் ஆட்சியில் தொடங்கியது, பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து பல பத்தாண்டுகள் வெட்டின. சுதந்திரம் கிடைத்த 1968க்குப் பிறகு நவூருவே வெட்டியது. சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையில் கிடந்த பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்தபின் மிஞ்சியது ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் கூரிய பாறைகள். அதில் வீடு கட்டவும் முடியாது, பயிர் வைக்கவும் முடியாது. தீவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான். ஆக, மக்களில் பெரும்பாலோர் கரையோரத்தில் சில நூறு மீட்டர் அகலமே உள்ள பட்டையில் அடைந்து வாழ்கிறார்கள். வரைபடத்தில் காட்டும் பரப்பு வேறு, குடியிருக்கக் கிடைக்கும் பரப்பு வேறு. இந்தச் சேதத்துக்காக நவூரு மக்கள் ஆஸ்திரேலியா மேல் சர்வதேச நீதிமன்றத்தில் 1989இல் வழக்குப் போட்டு, 1993இல் சமரசமாகி இழப்பீடும் வாங்கினார்கள். போன மண் போனதுதான்.

கே: அப்படியானால் வேறு இடத்துக்கே போயிருக்கலாமே?

ப: 1960களில் அந்தப் பேச்சு நடந்தது. குயின்ஸ்லாந்து கரைக்கு அருகே உள்ள கர்டிஸ் தீவைத் தருவதாக ஆஸ்திரேலியா சொன்னது. ஆனால் அங்கே போனால் ஆஸ்திரேலியக் குடிமக்களாக வேண்டும், தனி நாடு இருக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால், சரியான முடிவு.

கே: கடல் மட்டம் உயர்ந்தால் முழுகிவிடுமா?

ப: மாலத்தீவு, துவாலு மாதிரி முழுத் தாழ்நிலம் இல்லை. நடுமேடு 60 மீட்டருக்கு மேல் வரை போகிறது. சிக்கல் என்னவென்றால், ஆட்கள் இருப்பது தாழ்ந்த கரையில், உயரமான இடமோ பாஸ்பேட் வெட்டிப் பாழான பாறை நிலம். அதைச் சமன்படுத்திக் குடியேற்றும் திட்டம் ஒன்றை அரசு கையில் எடுத்திருக்கிறது.

கே: ஈழத்தமிழர்களை அடைத்து வைத்த தீவு இதுதானா?

ப: ஆமாம். தஞ்சம் கேட்டுப் படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியா அனுப்பிவைத்த முகாம் இங்கேதான். 2007இலும், முகாம் மீண்டும் திறந்த 2012இலும் இலங்கைத் தமிழர்கள் வந்தார்கள்.

கே: இவ்வளவு சின்ன நாட்டுக்கு வருமானம் எது?

ப: அந்த முகாமுக்காக ஆஸ்திரேலியா தரும் பணம் ஒன்று. இன்னொன்று கடல். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கடல் வளம் அந்த நாட்டுக்கே என்ற விதிப்படி நவூருவுக்கு மூன்று லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் கடல் உரிமை. கிழக்கே சுமார் 300 கி.மீ. தூரத்தில் கிரிபட்டி நாட்டின் பனாபா தீவு இருப்பதால் அந்தப் பக்கம் பாதியில் கோடு விழுகிறது, இல்லையென்றால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும். அந்தக் கடலில் சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களிடம், ஒரு கப்பலுக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள்.