எதற்காகத் தொழில்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கிறேன். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. 'எதற்காக இந்தத் தொழில் என்று முதலில் கண்டுபிடி' என்கிறார்கள். ஒரு நோட்டுப் போட்டு 'சமூகத்தை மாற்ற' என்று எழுதினேன். படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. உட்கார்ந்து யோசிக்கவும் நேரமில்லை. அப்பாவின் காது மெஷினையும் அவர் நண்பர்களின் மெஷின்களையும் சுத்தம் செய்து கொடுப்பதிலேயே மாலை போய்விடுகிறது. அர்த்தமுள்ள நோக்கத்தை எப்படித் தேடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சிரிப்பு வந்ததே, நல்லது. அந்த வரியை எந்தக் கம்பெனி வாசலிலும் மாட்டிவிடலாம்.

ஹோண்டா மோட்டார் கம்பெனியைத் தொடங்கிய சோய்சிரோ ஹோண்டா 1946-இல் ஒரு சின்னப் பட்டறை போட்டார். முதலில் நெசவு இயந்திரம் செய்யப் பார்த்தார், பணம் போதவில்லை. அப்போதுதான் ராணுவ ஒயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தந்த ஒரு குட்டி எஞ்சின் கண்ணில் பட்டது. போர் முடிந்திருந்த ஜப்பானில் உணவு தேடிச் சனங்கள் வெகுதூரம் சைக்கிள் மிதித்த காலம். எஞ்சினைச் சைக்கிளில் மாட்டினார். மனைவி சாச்சிதான் முதலில் ஓட்டிப் பார்த்தார். அவர் சைக்கிள் மிதித்துக் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல்தான் செய்தேன் என்றாராம் ஹோண்டா. கிடைத்த சுமார் 500 எஞ்சின்கள் தீர்ந்ததும் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார். கம்பெனியின் கொள்கையை எழுதிவைத்தது 1956-இல்தான்.

நேரமில்லை என்று நீங்கள் அலுத்துக்கொண்ட இடத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். காது மெஷினின் அந்தக் குட்டி பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்து மாட்ட வேண்டும். வயதான விரலுக்கு அது பிடிபடாது. காதுக் குறும்பி அடைத்துச் சத்தம் குறைந்தால், மெஷினே கெட்டுவிட்டது என்று டிராயரில் போட்டுவிடுவார்கள். அப்புறம் யார் என்ன பேசினாலும் தலையாட்டல்தான். என் பெரியப்பா கடைசி வரை அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிகிறது என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

சரி, இதற்குக் காசு கொடுப்பார்களா? அப்பாவின் நண்பர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறிமுகமில்லாத ஒருவர் வந்தால் கட்டணம் சொல்லிப் பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சத்தில் இலவசமாகச் செய்கிறவர் ஆறு மாதத்தில் சலித்துப்போவார், அப்புறம் அந்தப் பெரியவர்கள் யாரிடம் போவார்கள்? பணம் கொடுத்தவர் மறுபடியும் வருகிறாரா, இன்னொருவரைக் கூட்டிவருகிறாரா என்று பாருங்கள். அதுவரை சம்பளம் வரட்டும்.

அந்த நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். யார் வந்தார், மெஷினில் என்ன கோளாறு, எவ்வளவு கொடுத்தார் என்று அதில் எழுதிவாருங்கள்.