அமெரிக்க அதிபர்கள் பற்றிய திரைப்படங்களில் எதை நம்பலாம்?

கேள்வி: கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். லிங்கன், கென்னடி, ஜான்சன், நிக்சன் ஆகியோர் இடம்பெறும் திரைப்படங்களை வகுப்பில் காட்ட விரும்புகிறேன். ஆனால் மாணவர்கள் திரையில் கண்டதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். எதை நம்புவது, எதை ஐயுறுவது என்று அவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: தயங்காமல் காட்டுங்கள், படம் தொடங்கும் முன் "இது யாருடைய கதை?" என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். உடை, மேசை, தாடி, குரல் போன்றவற்றில் படக்குழுவினர் பெரும்பாலும் மிகுந்த அக்கறை காட்டுகிறார்கள். அதிபரின் உருவம் திரிவது, கதையில் அவருக்குத் தரப்படும் இடத்தால்தான். அவரே நாயகனாக இருந்தால் அவருடைய தயக்கமும் பேரமும் தந்திரமும் விரிவாக இடம்பெறும். வேறொருவர் நாயகனாக இருந்தால், அந்த நாயகன் வெல்ல வேண்டிய தடையாக அவர் சுருங்கிவிடுவார்.

2014இல் வெளிவந்த 'செல்மா' இதற்கு மிகத் தெளிவான சான்று. அது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் கதை. ஆகவே லிண்டன் ஜான்சன் அதில் வாக்குரிமைச் சட்டத்தைத் தள்ளிப்போடுபவராகவே பெரும்பாலும் வருகிறார். இது முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1964 டிசம்பரில் நடந்த சந்திப்பில் ஜான்சன் காத்திருக்கச் சொன்னதைக் கிங்குடன் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் 1965 ஜனவரி 15 அன்று இருவரும் தொலைபேசியில் பேசியதன் ஒலிப்பதிவைக் கேட்டால் வேறொரு மனிதர் தெரிகிறார். தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதற்கான மிகக் கொடிய எடுத்துக்காட்டைக் கண்டுபிடித்து, அதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தேவாலயங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்று கிங்குக்கு யோசனை சொல்பவராக அதில் இருக்கிறார் ஜான்சன். கிங்கை இழிவுபடுத்தும் ஒலிநாடா அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிலிருந்து அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது ஜான்சனின் ஒப்புதலோடுதான் என்று எண்ணத் தூண்டும் வகையில் படம் காட்சிகளை அடுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த நாடா, ஜே. எட்கர் ஹூவர் தலைமையில் இருந்த எஃப்.பி.ஐ.யிலிருந்து 1964 நவம்பரிலேயே அனுப்பப்பட்டுவிட்டது. அதே வேளையில், வெள்ளை மாளிகையைவிட வாக்குரிமை கேட்டு வீதியில் ஊர்வலமாக நடந்தவர்களை முன்னிறுத்திய அந்தப் படத்தின் தேர்வை நான் மதிக்கிறேன். அந்தத் தேர்வுக்கு யார் விலை கொடுத்தார் என்பதை மாணவர்கள் அறிந்திருந்தால் போதும்.

2000ஆம் ஆண்டின் 'தர்ட்டீன் டேஸ்' படத்தில் இதே விதி வேறு வகையில் செயல்படுகிறது. சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவியதால் எழுந்த 1962 நெருக்கடியைக் கென்னடியின் உதவியாளர் கென்னத் ஓ'டானலின் கண்வழியே சொல்வதால், உண்மையில் முடிவுகளில் பெரும்பங்கு இல்லாத அவர் நெருக்கடியின் மையத்துக்கு வந்துவிடுகிறார். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மக்நமாராவே இதை வெளிப்படையாக மறுத்தார். கென்னடி இரகசியமாகப் பதிவு செய்த ஆலோசனைக் கூட்டங்களின் நாடாக்கள் இன்று கிடைக்கின்றன; படத்தை அவற்றோடு ஒப்பிடலாம்.

லிங்கனுக்கு ஒலிப்பதிவு இல்லை. ஆயினும் 2012இல் வந்த 'லிங்கன்' படத்தில் டேனியல் டே லூயிஸ் பேசும் மெல்லிய, உயர்ந்த குரல், லிங்கனை நேரில் கேட்டவர்கள் எழுதிவைத்ததோடு பொருந்துகிறது. குரலில் இவ்வளவு கவனமாக இருந்த படம், வாக்கெடுப்பில் வரலாற்றை மாற்றியது. அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்ற கணக்கில் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால், மிஞ்சியவை இரண்டே வாக்குகள். அந்த நெருக்கத்தை உணர்த்துவதற்காகக் கனெக்டிகட் உறுப்பினர்கள் இருவர் எதிர்த்து வாக்களிப்பதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அம்மாநிலத்தின் நால்வரும் ஆதரித்தே வாக்களித்தனர். 2013இல் அம்மாநிலப் பிரதிநிதி ஜோ கோர்ட்னி இதைச் சுட்டிக்காட்டியபோது, திரைக்கதை ஆசிரியர் டோனி குஷ்னர் மாற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மாணவர்கள் அதிகம் ஐயுற வேண்டியவை, சாட்சி இல்லாத தனியறைக் காட்சிகள். 2008இல் வந்த 'ஃப்ராஸ்ட்/நிக்சன்' படத்தில் நிக்சன் நள்ளிரவில் குடிபோதையில் தொலைபேசியில் பேசும் காட்சி முழுக் கற்பனை. அதைவிட நுட்பமான சிக்கலும் அதே படத்தில் உண்டு. அதிபர் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்ற பொருளில் தொலைக்காட்சி நேர்காணலாளர் டேவிட் ஃப்ராஸ்டுக்கு 1977இல் அளித்த நேர்காணலில் நிக்சன் உண்மையாகவே பேசினார். ஆனால் போர் எதிர்ப்பாளர்களைக் கண்காணிக்கும் திட்டம் குறித்த கேள்விக்கு அவர் சொன்ன அந்தப் பதிலைப் படம், நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழல் பற்றிய விவாதத்துக்குள் நகர்த்திவிட்டது. சொன்ன சொல் மெய்யாக இருந்தும், இடம் மாறியதால் பொருள் மாறுகிறது.

கற்பனை அதிபர்கள் வரும் படங்களைப் பாடத்தில் சேர்ப்பதாக இருந்தால், அவற்றைப் படமெடுத்த காலத்தின் சான்றாக மட்டும் பயன்படுத்துங்கள். கியூபா நெருக்கடி முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1964இல், அணுப்போரைத் தடுக்கப் போராடும் அதிபரை இரு படங்கள் காட்டியதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

வகுப்பில் முழுப்படம் தேவையில்லை. 'செல்மா'விலிருந்து ஜான்சனும் கிங்கும் உரையாடும் ஒரு காட்சியைக் காட்டிவிட்டு, உடனே ஜனவரி 15 ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்யுங்கள். எழுத்து வடிவம் வேண்டுமானால் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம் அதிபர்களின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி வெளியிட்டுவருகிறது. அதன்பின், கிங்கின் பக்கத்திலிருந்து ஒரு முறையும் ஜான்சனின் பக்கத்திலிருந்து ஒரு முறையும் அதே காட்சியை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.