பெருங்குடல் புற்றுநோய் பரவுவதில் மரபணுக்களின் வேலை: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி. கல்லீரலுக்கும் பரவிவிட்டது. பரவ வைக்கிற மரபணு எதுவென்று பார்த்து அதை அடைத்துவிட முடியாதா, டாக்டர்?

பதில்: அப்படி ஒரே ஒரு மரபணு இல்லை. மூலக் கட்டியையும் கல்லீரல் கட்டியையும் எடுத்து டிஎன்ஏ வரிசையை ஒப்பிட்ட ஆய்வுகளில், இரண்டிலும் முக்கியப் பிறழ்வுகள் (டிஎன்ஏ எழுத்து வரிசையில் ஏற்படும் மாற்றங்கள்) பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. கல்லீரல் கட்டிகளில் மட்டும் பொதுவாகக் காணப்படும் பிறழ்வு என்று எதுவும் சிக்கவில்லை. கட்டியைத் தொடங்கி வைத்த மரபணுக்களே பரவும் திறனையும் தருகின்றன.

முதலில் கெடுவது பெரும்பாலும் ஏபிசி மரபணு. ஐந்தில் நான்கு கட்டிகளில் இது பழுதாகியிருக்கும். பீட்டா கேட்டனின் என்ற புரதத்தைச் சிதைத்து அளவோடு வைப்பது இதன் வேலை. அது நின்றால் அந்தப் புரதம் உட்கருவில் குவிந்து, செல்லை ஓயாமல் பெருகச் சொல்கிறது. சுமார் 40 சதவீதக் கட்டிகளில் கேராஸ் மரபணுவும், பாதிக்கு மேற்பட்டவற்றில் டிபி53 மரபணுவும் மாறியிருக்கும்.

பரவலைப் பொறுத்தவரை நான் தனியாகக் கவனிப்பது எஸ்மேட்4 என்ற மரபணு. டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞை வந்தால் குடல் செல் பெருகுவதை நிறுத்த வேண்டும். எஸ்மேட்4 போய்விட்டால் அந்தத் தடை செல்லின் காதில் ஏறாது. ஆனால் அதே சமிக்ஞை சுற்றியுள்ள நார்த்திசு செல்களுக்குக் கேட்கும். அவை தூண்டப்பட்டுக் கட்டிக்கு வழிவிடத் தொடங்கும். பரவல் என்பது புற்றுச் செல்லும் அதன் அக்கம்பக்கமும் சேர்ந்து நடத்துவது.

கேள்வி: எம்எஸ்சி மாணவன். பிறழ்வு ஒன்றாகவே இருந்தால் ஒரு செல் மட்டும் எப்படிப் பிரிந்து போகிறது?

பதில்: எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். செல்களை ஒட்டி வைப்பது ஈ-கேடரின். ஸ்னெயில், செப்1 என்ற புரதங்கள் கூடினால் அது குறையும். செல் நெகிழ்ந்து நகரும். மைக்ரோ ஆர்என்ஏ 200 குடும்பம் (மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏக்கள்) செப்1-ஐ அடக்கி வைக்கும். இந்த மாற்றம் திரும்பக்கூடியது. கல்லீரலில் குடியேறி வளர, செல் பழைய ஒட்டும் குணத்துக்குப் பெரும்பாலும் திரும்புகிறது. பிறழ்வாக இருந்தால் இப்படித் திரும்ப முடியாது.

2001-இல் அமெரிக்கப் புற்றுநோய் மரபியலாளர் வோகல்ஸ்டைனின் குழு பரவிய 18 கட்டிகளைப் பார்த்தது. பிஆர்எல்-3 மரபணு எல்லாவற்றிலும் மிகையாக இயங்கியது. 2009-இல் பெர்லின் ஆய்வாளர்கள் மேக்1 மரபணுவை அறிவித்தார்கள். அது மெட் என்ற ஏற்பியின் (செல்லின் மேலிருந்து சமிக்ஞை வாங்கும் புரதம்) உற்பத்தியைக் கூட்டி, செல்லை ஊடுருவ வைக்கிறது.

ஆய்வகத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கட்டித் துண்டை முழுதாக அரைத்து ஆர்என்ஏ எடுத்தால், 'நகரும் செல்' மரபணுக்கள் உயர்ந்து தெரியும். அதில் பெரும்பங்கு நார்த்திசு செல்களிலிருந்து வந்திருக்கலாம். புற்றுச் செல்களை மட்டும் லேசர் மூலம் வெட்டி எடுங்கள், அல்லது செல் செல்லாகப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: ஏன் முதலில் கல்லீரலுக்கே போகிறது? அதற்கும் மரபணுவா?

பதில்: முக்கியமாக ரத்த ஓட்டம். பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தம் கல்லீரலைத் தொடாமல் பொதுச் சுற்றோட்டத்தில் சேர்வதால், அங்குள்ள கட்டி நேரே நுரையீரலுக்கும் போகலாம். மரபணுவும் கொஞ்சம் சாய்க்கிறது: கேராஸ் மாறியவற்றில் நுரையீரல் பரவல் கூடுதல், பிராஃப் மரபணுவில் வி600இ என்ற பிறழ்வு உள்ளவற்றில் வயிற்றறை உறையில் பரவுவது கூடுதல்.

கேள்வி: அப்பாவின் ரிப்போர்ட்டில் 'கேராஸ் ஜி12டி' என்று இருக்கிறது. ஒரு மருந்து பயன்படாது என்கிறார்கள். நம்பிக்கையே இல்லையா?

பதில்: அந்த ஒரு வகை மருந்து மட்டும்தான் விலக்கு. செடக்ஸிமாப், பானிட்டுமுமாப் இரண்டும் செல்லின் மேலுள்ள இஜிஎஃப்ஆர் ஏற்பியை அடைக்கின்றன. கேராஸ் அதற்குக் கீழே இருக்கும் சுவிட்ச்; ஜி12டி என்பது அதில் ஏற்பட்ட பிறழ்வின் பெயர். கீழே சுவிட்ச் 'ஆன்' நிலையில் இறுகிவிட்டால் மேலே அடைத்துப் பயனில்லை. வழக்கமான கீமோவும், கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிஸுமாபும் தரத் தடையில்லை. கேராஸ் ஜி12சி என்ற அரிய வகையாக இருந்தால் சோட்டோராசிப் போன்ற குறிவைக்கும் மருந்து உண்டு. ஜி12டி-க்கு அது பொருந்தாது. எழுத்து ஒன்று மாறினாலும் மருந்து மாறும் என்பதால் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: லேப் டெக்னீஷியன். 'டிஎன்ஏ போதவில்லை' என்று மாதிரிகள் திரும்பி வருகின்றன. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில். 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவின் அளவைப்போல் 10 மடங்கு, 6 முதல் 72 மணி நேரம். வெட்டியெடுத்த குடலைத் திறக்காமல் அப்படியே போட்டால் உள்ளே ஃபார்மலின் ஏறுவதற்குள் திசு அழுகத் தொடங்கும். அதிக நாள் ஊறினால் டிஎன்ஏ துண்டாகும். டிஎன்ஏவின் 'சி' எழுத்தான சைட்டோசின் சிதைந்து, 'சி' 'டி'யாக மாறியது போன்ற இல்லாத பிறழ்வுகள் தோன்றும். எலும்பு மாதிரியை அமிலத்தில் மென்மையாக்கியிருந்தால் அதை நம்ப வேண்டாம், மென்மையாக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது புற்றுச் செல் விகிதம். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் பழைய சாங்கர் முறைக்குக் குறைந்தது 40 சதவீதமாவது வேண்டும். முதலில் ஒரு ஸ்லைடில் பாத்தாலஜிஸ்டைக் கட்டிப் பகுதியைக் குறிக்கச் சொல்லி, அங்கிருந்து மட்டும் சுரண்டுங்கள். மலக்குடலில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் கீமோவும் முடித்து அறுவை செய்த மாதிரியில் புற்றுச் செல் சொற்பமாகவே இருக்கும். சிகிச்சைக்கு முந்தைய பயாப்சியின் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இது என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: மேலே சொன்ன பிறழ்வுகளில் பெரும்பாலானவை கட்டிக்குள் மட்டும் உண்டானவை, பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. விலக்குகளில் முக்கியமானது லிஞ்ச் நோய்த்தொகுதி: டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மரபணு ஒன்று பரம்பரையாகப் பழுதாகியிருப்பது. பெருங்குடல் புற்றுகளில் சுமார் 3 சதவீதம் இது. எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எம்எல்எச்1 இல்லாமல் பிராஃப் வி600இ இருந்தால் பரம்பரை வாய்ப்பு மிகக் குறைவு. எம்எஸ்எச்2 இல்லையென்றால் ரத்தத்தில் மரபணுச் சோதனை அவசியம். எம்எல்எச்1 அல்லது எம்எஸ்எச்2 பழுதால் வந்த லிஞ்ச் உறுதியானால் 20-25 வயதிலிருந்து 1-2 ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி.

கேள்வி: நாடாப்புழு மாத்திரை பரவலைத் தடுக்கும் என்று படித்தேன். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிக்ளோசமைடைத்தான் சொல்கிறீர்கள். பீட்டா கேட்டனின் இயக்கும் எஸ்100ஏ4 என்ற பரவல் மரபணுவை அது தணிப்பதாகச் செல்களிலும் எலிகளிலும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் குடலுக்குள் இருக்கும் புழுவைக் கொல்வதற்கான மருந்து அது; ரத்தத்தில் சொற்பமாகவே ஏறும். கல்லீரல் கட்டிக்குப் போதிய அளவு போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. கீமோ நடக்கும்போது மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்காதீர்கள்.