பதினேழு வயது மகள் பிரைமரியில் ஓட்டுப் போடலாமா?

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு 2026 அக்டோபரில்தான் 18 நிறைகிறது. ஜூன் பிரைமரியிலேயே அவள் ஓட்டுப் போடலாம் என்று பள்ளியில் சொன்னார்களாம். உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

உண்மைதான். ஆளுநராக இருந்த பில் மர்ஃபி 2024 ஜனவரியில் கையெழுத்திட்ட சட்டம், 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுத்தேர்தல் நாளுக்குள் 18 நிறைந்துவிடும் என்றால், அதற்கு முந்தைய பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், 17 வயதிலேயே ஓட்டுப் போடலாம். 2026-இல் பிரைமரி ஜூன் 2, பொதுத்தேர்தல் நவம்பர் 3. நவம்பர் 3 பிறந்தநாள் என்றாலும் சரிதான். நவம்பர் 4 என்றால் அடுத்த ஆண்டுதான்.

1971-இல் வந்த 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 18 நிறைந்தவருக்கு வயதைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்கிறது. வயதைக் குறைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால்தான் இல்லினாய், மேரிலாந்து, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் முன்பே இதை அனுமதித்துவிட்டன. கலிபோர்னியா மக்கள் 2020-இல் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். நவம்பரில் ஓட்டுப் போடப்போகிற பிள்ளைக்கு, அந்த ஓட்டுச்சீட்டில் யார் பெயர் வர வேண்டும் என்பதிலும் பங்கு இருப்பதே நியாயம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

வயதைவிட முக்கியம் குடியுரிமை. நம் குடும்பங்களில் பிசகு நடப்பது இங்கேதான். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை என்றால் கவலையில்லை. இந்தியாவில் பிறந்து கிரீன் கார்டில் (நிரந்தரமாக வசிக்கும் உரிமையில்) இருந்த பிள்ளைக்கு, தாயோ தந்தையோ குடியுரிமை உறுதிமொழி எடுத்த நாளில் 18 நிறையாமல், அவர் பொறுப்பில் அவருடன் இங்கே வசித்திருந்தால் குடியுரிமை தானாகவே வந்துவிடும். அமெரிக்க பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய பிறகு பதிவு செய்வது பாதுகாப்பு. எச்-4 விசாவிலோ (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தருவது) கிரீன் கார்டிலோ இருப்பவர் தவறிக்கூடப் பதிவு செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவு பற்றித் திரையில் கேட்பார்கள். அவசரத்தில் 'ஆம்' என்று தட்டினால் பொய்யாகக் குடியுரிமை கோரியதாகும். நாடுகடத்தல்வரை போகலாம்.

பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 21 நாள் முன்பு, அதாவது மே 12. இணையத்திலும் செய்யலாம், படிவத்தை அஞ்சலிலும் அனுப்பலாம். ஓட்டுநர் உரிம எண் கேட்பார்கள். இல்லாவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும், இன்னோரிடத்தில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில் எழுதுங்கள்.

கையெழுத்திலும் கவனம் வேண்டும். இந்த வயதில் பலருக்குக் கையெழுத்து இன்னும் நிலைபெற்றிருக்காது. பதிவில் ஒரு மாதிரியும் தபால் ஓட்டின் உறையில் வேறு மாதிரியும் இருந்தால் ஓட்டு நிறுத்திவைக்கப்படும். சரிசெய்யச் சொல்லி மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். அதற்குக் கெடுவுக்குள் பதில் அனுப்பினால் ஓட்டு எண்ணப்படும்.

பிரைமரி கட்சியின் தேர்தல் என்பதால் எந்தக் கட்சி என்ற கேள்வியும் வரும். மகள் எந்தக் கட்சியிலும் சேராமல் பதிவு செய்திருந்தால், வாக்குச்சாவடியிலேயே டெமாக்ரடிக் அல்லது ரிபப்ளிகன் கட்சியின் ஓட்டுச்சீட்டைக் கேட்கலாம். கேட்டதும் அந்தக் கட்சியில் பதிவாகிவிடுவாள். பிறகு மாற வேண்டுமானால் அடுத்த பிரைமரிக்கு 55 நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும்.

சாவடி காலை 6 முதல் இரவு 8 வரை. சட்டம் புதிது என்பதால், "18 ஆகவில்லையே" என்று ஊழியர் யாராவது தடுக்கலாம். திரும்பி வந்துவிடக் கூடாது. தற்காலிக ஓட்டுச்சீட்டு கேட்டு, நிரப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தகுதியைப் பின்னர் சரிபார்த்து எண்ணுவார்கள்.

ஒஹாயோவில் உறவினர் பிள்ளைகள் இருந்தால் ஒரு வித்தியாசம்: அங்கே 17 வயதினர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மட்டுமே ஓட்டுப் போடலாம். அதே நாளில் வரும் பள்ளி வரி போன்ற கேள்விகளுக்கும், கட்சியின் மத்தியக் குழுவுக்கும் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

நவம்பருக்கு மறுபடி பதிவு செய்ய வேண்டாம். அதற்குள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள் என்றால் தபால் ஓட்டுக்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.