தலைப்பு இருக்கிறது, சிக்கல் எங்கே?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் என் ஊர். பொருளியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ‘மதுரை மாவட்ட மல்லிகை விவசாயிகளின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு. ‘ஆய்வுச் சிக்கல் தெளிவாக இல்லை’ என்று ஆய்வுக் குழு திருப்பிவிட்டது. நெறியாளரைக் கேட்டால், ‘நூலகத்தில் போய்ப் பார்’ என்கிறார். சிக்கல், நோக்கம், வினாக்கள், கருதுகோள் நான்கையும் 12,000 ரூபாய்க்கு எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் தரப்போகும் சரக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு முறை மல்லிகை பற்றிய ஆய்வேடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பதாம் பக்கத்தில் ‘மேற்கண்ட நெசவாளர்களில் பெரும்பாலோர்’ என்று வந்தது. சுங்குடிச் சேலை ஆய்வில் நெசவாளரை எடுத்துவிட்டு விவசாயியை வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த மாணவர் கட்டிய பணம் உங்களிடம் கேட்டதைவிட அதிகம்.

‘எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் வரும்’ என்று உத்தரவாதமும் தருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி அதுவரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை கிடையாது என்பது உண்மை. ஆனால் அந்த மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். எழுதியது யார் என்று அதற்குத் தெரியாது. ‘இந்தக் கேள்வியை ஏன் எடுத்தீர்கள்?’ என்று வாய்மொழித் தேர்வில் கேட்கும்போது, அந்தப் புண்ணியவான் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருவோம். அதில் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு பயிர் இருக்கிறது, கேள்வி இல்லை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறுகிறது, மறுநாள் விழுகிறது. மார்கழிப் பனியில் பூ குறைகிறது. இவை விவசாயியின் கஷ்டங்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் தேநீர் விற்பவருக்கும் இவை தெரியும். தெரிந்ததை மறுபடி சொல்ல முனைவர் பட்டம் எதற்கு? தெரிந்த இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். உதாரணத்துக்கு, கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் அந்தக் கடைக்கே பூப் போடுகிறார், இது புரிகிறது. கடனை அடைத்த பிறகும், பக்கத்துக் கடை கூடுதல் விலை சொல்லும்போதும், ஒருவர் பழைய கடைக்கே போகிறார் என்றால்? எடை மேல் உள்ள நம்பிக்கையா, அடுத்த கல்யாணச் செலவுக்கு மறுபடி பணம் கேட்க வேண்டுமே என்ற கணக்கா? உங்கள் பகுதியில் இப்படி நடக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். நடந்தால் அதுதான் உங்கள் சிக்கல். இல்லாவிட்டால் மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்த புவிசார் குறியீட்டால் பூ விளைவிப்பவர் கைக்கு ஏதாவது வந்ததா என்று பாருங்கள்.

நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: முன்பணம் வாங்கிய மல்லிகை விவசாயிகள் விற்கும் கடையை எப்படித் தேர்கிறார்கள் என்று உசிலம்பட்டி வட்டாரத்தில் அறிவது. அவ்வளவுதான். ‘விவசாயிகளின் வாழ்வை உயர்த்துவது’ என்று எழுதிவிடாதீர்கள். அது அரசாங்கத்தின் வேலை; அவர்களே செய்யவில்லை, உங்கள் ஆய்வேடு எங்கே செய்யப்போகிறது?

வினாக்கள் மூன்று போதும். ‘கமிஷன் கடைக்காரர்கள் விவசாயிகளை எவ்வாறு சுரண்டுகிறார்கள்?’ என்று கேட்டால் தீர்ப்பை எழுதிவிட்டு சாட்சி தேடுகிறீர்கள் என்று அர்த்தம். ‘முன்பணம் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே நாளில் கிடைக்கும் விலையில் வேறுபாடு உண்டா?’ என்று கேளுங்கள். பதில் எப்படி வந்தாலும் உங்களுக்கு எழுத ஏதாவது இருக்க வேண்டும்.

கருதுகோள், அதாவது தரவை வைத்துச் சரியா தவறா என்று சோதிக்கும் முன்கூட்டிய ஊகம், இந்த விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காக எல்லோரும் நிரப்புகிறார்கள். விவசாயிகள் ஏன் அப்படி முடிவெடுக்கிறார்கள் என்று உட்கார்ந்து பேசி அறியும் ஆய்வுக்குக் கருதுகோள் வேண்டியதில்லை. மேலே சொன்ன விலை ஒப்பீட்டைப் போல இரண்டு அளவுகளை எடை போடும்போது மட்டும் வேண்டும். அப்போதும் அந்த ஒரு வினாவுக்கு மட்டும். மற்ற இரண்டுக்கும் வேண்டாம். ‘வயதுக்கும் வருமானத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை’ என்ற பாணியில் பத்து கருதுகோள்களை அந்த எழுதித் தரும் ஆள் அடுக்கித் தருவார். உங்கள் மூன்று வினாக்களில் எதற்கு அவை பதில் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். விலை ஒப்பீட்டை விட்டுவிட்டுப் பேசி அறிவதை மட்டும் செய்கிறீர்கள், ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அலுவலகம் அடம்பிடிக்கிறது என்றால், ‘பண்புசார் ஆய்வு என்பதால் பொருந்தாது’ என்று எழுதி, நெறியாளரின் கையொப்பத்தை வாங்கி வையுங்கள்.

குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வின் வடிவத்தையும் முறையையும் உருவாக்க மாணவருக்கு வழிகாட்டுவது அந்தக் குழுவின் கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவது வழிகாட்டுதலா? மாணவர்களைக் காசுக்கு எழுதித் தருபவரிடம் தள்ளுவதே இந்த ஒற்றை வரிதான். ‘எந்தப் பகுதி தெளிவாக இல்லை?’ என்று பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

நெறியாளர் சொன்ன நூலகத்தை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் மல்லிகை, பூச் சந்தை, கமிஷன் என்று தேடி, கிடைக்கும் ஆய்வேடுகளின் கடைசி இயலை மட்டும் முதலில் படியுங்கள். பிறகு ஒரு வாரம் விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய் நில்லுங்கள். வினாநிரலை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.