வீட்டுக்கு வந்தும் மானிட்டர் சத்தம் கேட்கிறது

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டூட்டியில் இருபது நோயாளிகளை நானும் ஒரு ஜூனியரும் மட்டும் பார்க்கிறோம். போன வாரம் ட்ரிப் பாட்டில் மாற்றத் தாமதமானதற்கு, நோயாளியின் மகன் எல்லார் முன்னாலும் கண்டபடி திட்டிவிட்டார். இன்சார்ஜ் சிஸ்டரோ, "இந்த வேலைன்னா அப்படித்தான், தாங்கிக்கணும்" என்கிறார். வீட்டில் வந்து படுத்தாலும் மானிட்டர் சத்தம் காதில் கேட்கிறது. எனக்குத்தான் மனதைரியம் போதவில்லையா, சிஸ்டர்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லம்மா, உங்கள் தைரியத்தில் ஒரு குறையும் இல்லை. வார்டிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன், குறை ஆள் கணக்கில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி அல்லாத மருத்துவமனையின் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நீங்கள் ஆளுக்குப் பத்துப் பேரைப் பார்க்கிறீர்கள். பாட்டில் தாமதமாகாமல் என்ன செய்யும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல்கூட, வேலையால் ஓய்ந்து போகும் 'பர்ன்அவுட்' என்பதை நோயாகச் சேர்க்கவில்லை. சரிசெய்யப்படாத வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் சொல்கிறது. அதனால் 'தாங்கிக்கோ' என்பது மருந்தாகாது.

இனிமேல் அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் நோட்டில் ஒவ்வொரு நைட்டும் ஒரு வரி எழுதுங்கள்: "நோயாளிகள் 20, ஸ்டாஃப் 2, ஆக்ஸிஜனில் 3, புது அட்மிஷன் 2." கீழே கையெழுத்து. புகாராக ஒரு வார்த்தையும் வேண்டாம், எண் மட்டும் போதும். ஒரு மாதம் சேர்ந்ததும் நாலைந்து பேராக நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தனியாகப் போய் அழுதால் லீவு கேட்க வந்ததாக நினைத்துவிடுவார்கள். நோட்டோடு போனால் அப்படித் தள்ளிவிட முடியாது. இன்சார்ஜையும் கூடவே கூப்பிடுங்கள், அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும்.

இனி யாராவது சத்தம் போட்டால் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டாம். உடனே டியூட்டி டாக்டரையும் செக்யூரிட்டியையும் கூப்பிடுங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தனியார் மருத்துவமனை நர்ஸுக்கும் அது பொருந்தும்.

அப்புறம் தூக்கம். நைட் முடித்து வந்த கையோடு சமையல், துணி என்று இறங்காதீர்கள். கடைசி டீயை இரவு இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி சாப்பிட்டு, அறையை நன்றாக இருட்டாக்கி, போனை அணைத்துவிட்டுப் படுங்கள். "பகல்ல என்ன தூக்கம்?" என்று வீட்டில் கேட்டால், இதுதான் என் ராத்திரி என்று சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆஃப் நாளிலும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனாலோ, செத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலோ, காத்திருக்க வேண்டாம். 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களோடு நைட் பார்க்கும் அந்த ஜூனியருக்கும் இந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள்.