கூச்சப்படும் பெண்ணை கைடு படையில் சேர்த்தால் தைரியம் வருமா?

கோத்தகிரியில் ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை, கைடு படையில் (பெண்களுக்கான சாரணியர் படை) சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 10 வயது முடிந்திருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் சீருடையும் அணிவகுப்பும் கூச்சத்தைப் போக்கிவிடாது. போக்குவது 6 முதல் 8 பேர் கொண்ட சிறு அணிதான். முழு வகுப்புக்கு முன் பேசாத பெண்கூட அந்தச் சில பேரிடம் பேசித்தான் ஆகவேண்டும்: அரிசி அளந்தாச்சா, கயிறு எங்கே?

நீலகிரியில் முகாம் என்றால் வேலைக்குப் பஞ்சமில்லை. பருத்திக் கயிறு மூடுபனியில் நனைந்தால் சுருங்கி இறுகும்; படுக்கும்முன் தளர்த்தாவிட்டால் கூடார முளை பிடுங்கிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தில் கூடாரம் அடித்தால் குளிர்காற்று இறங்கி அங்கேயே தேங்கும், உறைபனியும் அங்கேதான். சற்று மேட்டில் அடிக்க வேண்டும். ஈர விறகைப் பிளந்து, உள்ளே காய்ந்த பகுதியைச் சீவிப் போட்டால்தான் அடுப்பு பிடிக்கும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை குப்பென்று எரிந்து அடங்கிவிடும். (காட்டோரத்தில் தீ மூட்டவே கூடாது.) தவறு உடனே கண்ணுக்குத் தெரியும், திருத்துவதும் அவளே.

எல்லா முடிச்சையும் ஆசிரியையே போட்டுக் கொடுத்தாலோ, நன்றாகப் பேசும் பெண்ணே வருஷம் முழுக்க அணித்தலைவியாக இருந்தாலோ பலன் இல்லை. சேர்க்கும்முன் கைடு கேப்டனிடம் (படையை நடத்தும் ஆசிரியை) கேளுங்கள்: பொறுப்புகள் சுழற்சியில் வருமா, வருஷத்தில் எத்தனை இரவு முகாம்? மாநில அளவில் தரப்படும் ராஜ்ய புரஸ்கார் சான்றிதழைப் பற்றி இப்போதே விசாரிக்க வேண்டாம். அதற்கு முன் பிரவேஷ் என்ற நுழைவு நிலையும், அதற்குப் பிறகு மூன்று சோபானும் (படிநிலை) இருக்கின்றன.